சிரிப்பு பேயைக் கொல்லாது

தமிழில் பேய்ப்படம் செத்துப்போய்விட்டதாம். கொன்றது நகைச்சுவையாம். ஹட்டன் பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையில் இதே பேச்சு. விடுமுறைக்கு வந்திருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளிடமும் இதே பேச்சு. சென்னையிலிருந்து வரும் விமர்சனங்களிலும் இதே பேச்சு. குற்றப்பத்திரிகைகூட மாறுவதில்லை. 2007இல் ராகவா லாரன்ஸ் 'முனி' எடுத்தார். 2011இல் 'காஞ்சனா' வந்தது, கல்லா நிரம்பியது. 2014இல் சுந்தர் சி. 'அரண்மனை'யைக் கட்டினார், அது 2024இல் நான்காம் பாகத்துக்கு வந்துவிட்டது. இடையில் சந்தானம் 2016இல் 'தில்லுக்கு துட்டு' என்று தன் பங்குக்கு ஒரு வரிசையைத் தொடங்கினார். பேயைக் கண்டு அலறிய ரசிகன் பேயைக் கண்டு சிரிக்கப் பழகிவிட்டான், இனி அவனை யாராலும் பயமுறுத்த முடியாது என்கிறார்கள். 'பீட்சா', 'மாயா', 'டிமான்டி காலனி' என்று ஆங்காங்கே சிலர் தலையெடுத்தார்கள், மலையாளத்தில் 'பிரமயுகம்' எடுக்கிறார்கள், நமக்கு விதித்தது கோவை சரளாவின் கூச்சல்தான் என்று பெருமூச்சு விடுகிறார்கள். ஆக, சிரிக்க வைக்காத படம் தரமானது. சிரிக்க வைப்பது பாமரனுக்கானது.

இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியாது. இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. அந்தக் கால்வாசியை மறைக்கமாட்டேன், உரிய இடத்தில் சொல்கிறேன். மிச்சம் முக்கால்வாசி, படத்தையும் சரியாகப் பார்க்காமல், படம் பார்க்கிற சனங்களையும் சரியாகப் பார்க்காமல் எழுதிய தீர்ப்பு.

முதலில் அவர்கள் கொண்டுவந்து நிறுத்தும் சாட்சிகளையே குறுக்கு விசாரணை செய்வோம். 'இதுதான் படம்' என்று அவர்கள் கையெடுத்துக் கும்பிடும் மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' 1993இல் பாசில் இயக்கியது. அதன் முற்பாதியில் பெரும்பகுதி நகைச்சுவை. நடிகர்கள் இன்னசென்டும் பப்புவும் அந்தப் பழைய தறவாட்டு மாளிகைக்குள் அடிக்கும் கூத்தை எடுத்துவிட்டால், பூட்டிய அறையின் மேல் நமக்கு ஏறும் ஆவலும் போய்விடும். ஒருவன் பயந்து நடுங்குவதைப் பார்த்துச் சிரிக்கும்போதே, அவன் எதற்குப் பயப்படுகிறான் என்ற கேள்வி நமக்குள் நுழைந்துவிடுகிறது. அந்தக் கதை 2005இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தபோது வடிவேலு செய்ததும் அதே வேலைதான். அந்த மாளிகையின் மேல்மாடி அறைக்கு முதலில் பயப்பட்டவர் வடிவேலு. அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாமும் மாடிப்படி ஏறிவிட்டோம். கடைசியில் ஜோதிகா கண்ணை உருட்டியபோது சிரிக்க யாருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த சாட்சி 'பீட்சா'. 2012இல் கார்த்திக் சுப்புராஜ் எடுத்த அந்தப் படம்தான் தமிழ்ப் பேய்ப்படத்தின் மறுபிறப்பு என்று இவர்கள் எழுதினார்கள். அந்தப் பேய்க் கதையின் உள்விஷயம் என்ன? சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு பையன், பேய் பிசாசை நம்பும் தன் முதலாளியை ஏமாற்றக் கட்டிவிட்ட கதை! நாம் இருட்டில் நடுங்கி உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவன் முதலாளியின் காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். இதைவிடப் பெரிய நகைச்சுவை உண்டா?

பேயை விட்டு சஸ்பென்ஸ் பக்கம் போனாலும் அதே கதைதான். 2023இல் வந்த 'போர் தொழில்' நிற்பதே, புத்தகம் படித்துவிட்டு வந்த பயந்தாங்கொள்ளிப் பையனுக்கும் அவனை மதிக்காத முசுட்டு அதிகாரிக்கும் நடக்கும் இழுபறியில்தான். 2024இல் வந்த 'மகாராஜா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சவரத்தொழில் செய்யும் ஒரு மனிதர் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, தன் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் காணவில்லை, அதற்குப் பெயர் லட்சுமி, கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறார். பொலிஸ்காரர்கள் சிரிக்கிறார்கள். அவர் திரும்பத் திரும்ப, ஒரே குரலில், அதே கதையைச் சொல்கிறார். அடிக்கிறார்கள், துரத்துகிறார்கள், அவர் மறுபடி வந்து வாங்கில் உட்காருகிறார். படம் பார்க்கும் நாமும் பொலிஸ்காரர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். விஷயம் என்னவென்று தெரியவரும்போது அந்தச் சிரிப்பு நம் தொண்டையில் நிற்கிறது. நிலையத்துக்குள் யாரோடு சேர்ந்து உட்கார்ந்து சிரித்தோம் என்று நினைக்கும்போது வரும் கூச்சமும் பயமும், முதலில் சிரித்திராவிட்டால் வந்திருக்குமா? இயக்குநர் நித்திலன் சாமிநாதன் நம்மைச் சிக்கவைத்த பொறியே அந்தச் சிரிப்பு. சிரிப்பு பயத்தைக் கொல்லும் என்பவர்கள் இந்தப் படத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

வெளிநாட்டு உதாரணம் கேட்டால் அதுவும் இருக்கிறது. 2017இல் உலகத்தையே உலுக்கிய 'கெட் அவுட்' படத்தை எடுத்த ஜோர்டான் பீல், அதுவரை தொலைக்காட்சியில் கோமாளித்தனம் செய்து பெயர் வாங்கியவர். ஹிந்தியில் 'ஸ்த்ரீ' வரிசை சிரிக்கவும் வைத்தது, பயமுறுத்தவும் செய்தது, வசூலையும் அள்ளியது.

சினிமா பிறப்பதற்கு முன்னாலேயே இந்த மண்ணில் இது தீர்ந்துபோன வழக்கு. தென்னிலங்கையில் நோய் தீர்க்க ஆடும் பதினெட்டு சன்னிப் பேய்களின் தொவில் சடங்கைப் பாருங்கள். கோரைப்பல் முகமூடி போட்ட பேய் விடிய விடிய ஆடும். எதிரே மேளக்காரர் நின்று அதைக் கேலி பண்ணுவார், குறுக்குக் கேள்வி கேட்பார். பேய் உளறும், சுற்றியிருக்கிற ஊர் சிரிக்கும். பேய் பிடித்தவரும் சிரித்தால்தான் சடங்கு பலித்தது என்று அர்த்தம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இல்லாமல் எந்த அரக்கன் மேடைக்கு வந்தான்? நம் மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் பொட்டலில் நடக்கும் கூத்திலும் எமனும் வீரபத்திரனும் பாய்ந்து வருகிற அதே இரவில்தான் குறவன் குறத்தி வந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறார்கள். மன்மதன் எரிகிறபோது அழுகிற பெண்களும், கொஞ்ச நேரம் முன்னால் சிரித்த பெண்களும் ஒரே ஆட்கள்தான்.

சின்ன வயதில் லயத்து வாசலில் கோடாங்கி உடுக்கடித்துப் பேயோட்டியதை நான் பார்த்திருக்கிறேன். தலைவிரி கோலமாக ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் நாங்கள் இஸ்தோப்புத் தூணுக்குப் பின்னால் கம்பளியை முக்காடு போட்டு நின்றோம். "யாரு நீ? எங்கேயிருந்து வந்த?" என்று கோடாங்கி கேட்டார். முதலில் உறுமல்தான் வந்தது. பிறகு பேய் பேரம் பேசத் தொடங்கியது. முழுச் சாராயப் போத்தல் கேட்டது, சுருட்டு கேட்டது, கறுப்புச் சேவல் கேட்டது. "போன மாசம் வந்தப்பவும் சேவல்தானே கேட்ட, நாங்க எங்கே போவோம்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி கேட்டதும் சனம் கொல்லென்று சிரித்தது. பேய் கோபித்துக்கொண்டது. சிரிப்பு அடங்கியதும் கோடாங்கி கடைசிக் கேள்வியைக் கேட்டார்: "உனக்கு என்ன குறை?" அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அவள் சொன்னது பேய்க் கதையில்லை. புருசன் குடியும், மாமியார் அடியும், செத்துப்போன முதல் குழந்தையும் அந்த வாயிலிருந்து வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். சிரிப்பு பேயை விரட்டுவதில்லை. பேயை வெளியே இழுத்து, பேச வைத்து, அதன் வழக்கைச் சொல்ல வைக்கிறது. நல்ல பேய்ப்படத்தையும் கெட்ட பேய்ப்படத்தையும் பிரிக்கும் கோடு, சிரிப்பு இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. 'உனக்கு என்ன குறை?' என்ற கேள்வியை அந்தப் படம் கேட்கிறதா, கேட்டால் பதிலைக் காதில் வாங்குகிறதா என்பதில் இருக்கிறது.

இந்தக் கோலால் அளந்தால், அவர்கள் பாமரப்படம் என்று ஒதுக்கும் 'காஞ்சனா' எங்கே நிற்கிறது? ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட ஒரு திருநங்கை நிலம் வாங்குகிறாள். அதிகாரத்தில் இருப்பவன் அந்த நிலத்தைப் பறித்து, அவளையும் அவளுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களையும் கொன்று அங்கேயே புதைக்கிறான். சரத்குமார் அந்தப் பாத்திரத்தை ஏற்றபோது, திருநங்கை என்றால் இரண்டு நிமிடக் கேலி என்று இருந்த தமிழ் சினிமாவில், அரங்கமே அவள் பக்கம் நின்று கைதட்டியது. எத்தனை கௌரவமான படங்கள் அதைச் செய்தன?

அதே படத்தின் முற்பாதியில், இருட்டினால் தாயைத் துணைக்குக் கூப்பிடாமல் ஒன்றுக்குப் போகாத வளர்ந்த ஆம்பிளை ஒருவன் வருகிறான். மட்டமான நகைச்சுவை என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் வீட்டில் கக்கூஸ் படுக்கையறையோடு ஒட்டியிருக்கும். எங்கள் லயங்களில் அது வெளியே, வரிசைக்கு அப்பால், தேயிலை ஓரத்தில் இருக்கிறது. ராத்திரி போக வேண்டுமென்றால் அக்காவை எழுப்ப வேண்டும், டோர்ச் தேட வேண்டும், சிறுத்தை நடமாடும் காலமென்றால் ஆம்பிளை ஆளையும் எழுப்ப வேண்டும். அந்தக் காட்சிக்குக் காம்பரா அதிர எங்கள் பொம்பிளைகள் சிரித்தது தங்கள் சொந்தப் பயத்தைத் திரையில் பார்த்துத்தான்.

படம் பார்க்கும் இடத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். குளிரூட்டிய அரங்கில் தனி இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் பார்ப்பதுதான் பேய்ப்படத்தை ரசிக்கும் முறை என்று யார் சட்டம் போட்டது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், அடுப்புப் புகை நடுவே, பாட்டி முதல் கைக்குழந்தை வரை குந்தியிருக்க, பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் இஸ்தோப்பில் நின்று எட்டிப்பார்க்கத்தான் நாங்கள் படம் பார்த்து வளர்ந்தோம். அங்கே மௌனம் கிடைக்காது. ஒருத்தி கத்துவாள், ஒருத்தி அவளைக் கிண்டலடிப்பாள், ஒரு பிள்ளை அழும், சித்தப்பா வேண்டுமென்றே கதவைத் தட்டுவார். பயமும் சிரிப்பும் ஒரே கம்பளிக்குள்தான் படுத்திருக்கும். மெதுவாக நகரும் கமெராவும் நீண்ட மௌனமும் ஒரு ரசனை. இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது தனி அறை உள்ளவர்களின் ரசனை. அதையே எல்லோருக்கும் தரக்கட்டளையாக்கினால், அங்கே சினிமா அறிவைவிட வசதியின் திமிர்தான் அதிகம்.

'சூழல்' என்கிறார்களே, அதுவும் இப்படித்தான். பனிமூட்டம், தனிப் பங்களா, தேயிலை மலை என்றதும் விமர்சகருக்குப் புல்லரிக்கிறது. பாலு மகேந்திரா 1980இல் 'மூடுபனி'யில் ஊட்டிப் பனியைக் கொண்டு செய்ததை ஒரு கலைஞனின் வேலை என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு மலைநாட்டுப் பங்களா பேய்களுக்கு வாடகை வீடாகிவிட்டது. நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வரும், பங்களாவில் பழைய துரையோ துரைசானியோ பேயாக உலவும், ஒரு வாட்சர் "ராத்திரியில் வெளியே போகாதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் காணாமல்போவார், கொழுந்து பறிக்கும் பெண்கள் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவார்கள். எங்களுக்குப் பனிமூட்டம் அழகுமில்லை, அமானுஷ்யமுமில்லை. கால் வழுக்கும் மலை, சட்டைக்குள் ஏறும் அட்டை, கொழுந்துக் கொப்புக்குள் கூடு கட்டியிருக்கும் குளவி. கூடையோடு குளவிக்கு அகப்பட்டு ஓடும் பெண்ணைவிடப் பயங்கரமான காட்சியை எந்தப் பேய்ப்பங்களாவில் காட்டிவிட்டார்கள்?

தங்கள் பயத்துக்குப் பெயர் வைக்க எங்கள் முன்னோர்களுக்குச் சினிமா தேவைப்படவில்லை. கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரச் சக்கரத்தின் பக்கத்தில் ரோதமுனியை வைத்தார்கள். கவ்வாத்துக் கத்தி காலில் பாயாமல் இருக்கக் கவ்வாத்துச்சாமியைக் கும்பிட்டார்கள். பேய்ப்படம் பார்த்துத்தான் தோட்டத்துச் சனம் மூடநம்பிக்கையில் விழுகிறது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். அந்தச் சாமிகள் அறியாமையில் பிறந்தவை அல்ல. எந்த வேலை எந்த உறுப்பைக் காவு வாங்கும் என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள் வைத்த காவல் அது.

கால்வாசி உண்மைக்கு வருகிறேன். நகைச்சுவைப் பேய்ப்படங்களில் பெரும்பாலானவை மோசம்தான். குண்டாயிருப்பவரையும் கறுத்தவரையும் வேலைக்காரப் பெண்ணையும் அடித்தும் திட்டியும் சிரிக்க வைக்கிறார்கள். 'அரண்மனை' வரிசை ஓர் அச்சு: சொத்து, மாளிகை, கவர்ச்சிப் பாட்டு, பத்து நிமிடப் பழங்கதை, கடைசியில் அம்மன் சந்நிதியில் சண்டை. 'காஞ்சனா'வே மூன்றாம் பாகம் வந்தபோது, ஒருகாலத்தில் அரங்கத்தை எழுப்பி நிறுத்திய வழக்கை மறந்துவிட்டு, கூச்சலை மட்டும் பிடித்துக்கொண்டது. 2025இல் வந்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' படத்தில், பேயாகிப்போன ஓர் இயக்குநர் தன்னைத் திட்டிய விமர்சகர்களைப் பழிவாங்குகிறார். என்ன அருமையான கரு! அந்தப் பேயின் குறை என்ன என்று உட்கார்ந்து கேட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும். கேட்கவில்லை, துணுக்குகளாகச் சிதறவிட்டார்கள்.

இவற்றில் எதையும் நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் குற்றவாளியைச் சரியாகப் பிடியுங்கள். அந்தப் படங்களைக் கெடுத்தது சிரிப்பு என்றால், சிரிப்பே இல்லாத படங்கள் அந்தக் குற்றத்திலிருந்து தப்பியிருக்க வேண்டும். தப்பினவா? 2018இன் 'ராட்சசன்' இறுக்கமான படம், நொடிகூடச் சிரிக்கவிடாத படம். அதன் கொலைகாரன் யார்? பிறவிக் குறைபாட்டால் முகம் மாறிப்போன, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேலி செய்த ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் முகத்தைக் காட்டியே நம்மைப் பயமுறுத்துகிறார்கள். அது வெற்றிபெற்றதும் சஸ்பென்ஸ் படமென்றால் மனநோயாளிக் கொலைகாரன், சிறுவயதுக் காயம், சிதைந்த பெண்ணுடல்கள் என்று இன்னோர் அச்சு தயாராகிவிட்டது. நகைச்சுவைப் பேய்ப்படம் குண்டான பெண்ணை அவமானப்படுத்தினால் அது மலிவு. மௌனமான திரில்லர் நோயாளியை அரக்கனாக்கினால் அது கலையா? இரண்டிலும் இருப்பது ஒரே இளக்காரம். ஒன்று சத்தமாகச் செய்கிறது, மற்றது மெதுவாகச் செய்கிறது.

'பிரமயுகம்' நல்ல படமாக இருப்பதற்கும் காரணம் கறுப்பு வெள்ளையோ மௌனமோ அல்ல. கேள்வியைக் கேட்டதுதான் காரணம். ராகுல் சதாசிவன் 2024இல் எடுத்த அந்தப் படத்தில், தப்பியோடி வந்த ஏழைப் பாணன் ஒருவன் சிதைந்த மனைக்குள் நுழைகிறான். மனையின் எசமானாக வரும் மம்மூட்டி சோறு போட்டு, சிரித்து, பாட்டுக் கேட்டு, கடைசியில் பகடை ஆடக் கூப்பிடுகிறார். பணயம் வைக்க அவனிடம் ஒன்றுமில்லை. ஆயுளில் மிச்சமிருக்கும் காலத்தை வை என்கிறார். அவன் தோற்கிறான்; இனி வாசலைத் தாண்ட முடியாது. மம்மூட்டியின் அந்தச் சிரிப்பு இல்லையென்றால் படமே இல்லை. மலையகத்தான் ஒருவன் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது வேறொன்றும் ஞாபகத்துக்கு வரும். கங்காணி சிரித்துப் பேசி, முற்பணம் கொடுத்து, எங்கள் முன்னோர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். கடன் எழுதிய 'துண்டு' தீராமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. காலத்தைப் பணயம் வைத்துத் தோற்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பகடை கற்பனை இல்லை.

தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் தமிழில் வந்த ஆகப் பயங்கரமான படத்தைப் பேய்ப்பட வரிசையிலேயே யாரும் சேர்ப்பதில்லை. பி. எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' நாவலைத் தழுவிப் பாலா 2013இல் எடுத்த 'பரதேசி'யைச் சொல்கிறேன். அதன் முற்பாதி எப்படி இருக்கிறது? சாலூர் கிராமத்தில் தண்டோரா போடும் ஒரு வெகுளிப் பையன், அவனைச் சீண்டும் ஊர், கல்யாண வீட்டுச் சோற்றுக்கு அவன் படும் பாடு, வாயாடிப் பாட்டி. சிரித்துச் சிரித்து அந்த ஊரோடு நாம் உறவாகிவிடுகிறோம். பிறகு கங்காணி வருகிறான். ஊரே மலையேறுகிறது. தப்பி ஓடிப் பிடிபட்ட அந்தப் பையனின் கால் நரம்பை அறுக்கிறார்கள். முற்பாதியில் அவன் துள்ளித் திரிந்ததைப் பார்த்து நாம் சிரித்திருக்காவிட்டால், அந்த அறுவை நமக்கு வெறும் வரலாற்றுச் செய்தி. சிரித்ததால்தான் அது நம் காலில் பட்டது.

சரி, ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சிரித்துவிட்டால் சனம் கோபத்தை மறந்து வீட்டுக்குப் போய்விடாதா, அநியாயக்காரனைப் பேய் பார்த்துக்கொள்ளும் என்று ஆறுதலடையாதா என்று தொழிற்சங்கக்காரத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆறுதலை மௌனப் படமும்தானே கொடுக்கிறது? பயந்து வாயடைத்துப்போய் வெளியே வருகிறவன் யாரைத் தட்டிக் கேட்கப் போகிறான்? அதிகாரம் சனங்களிடம் எதிர்பார்ப்பதே பயந்த மௌனத்தைத்தான். துரை வரும்போது தொப்பியைக் கழற்றிக் கானுக்குள் இறங்கி நின்ற காலத்தில், அவர் போன பிறகு அவரைப் போலவே நடந்து காட்டிச் சிரித்தவர்கள் எங்கள் தாத்தாமார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் பயம் விலகத் தொடங்கியது. சங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆகவே விமர்சகர்களுக்கும், இனி கமெரா தூக்கப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு பேய்ப்படத்தில் எத்தனை முறை சிரிப்பு வந்தது என்று எண்ணாதீர்கள். யாரைப் பார்த்துச் சிரிக்க வைத்தார்கள், யாருடைய பயத்தை எடுத்துக்கொண்டார்கள், செத்தவரின் வழக்கை முழுசாகக் கேட்டார்களா என்று பாருங்கள். மலையகம் தன் சனம் இங்கே வந்த இருநூறாவது ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தது. வரும் வழியில் காட்டுப் பாதையில் விழுந்தவர்கள், 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சுடப்பட்ட தொழிலாளி கோவிந்தன், 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் லயத்தோடு மண்ணுக்குள் போனவர்கள் என்று கேட்கப்படாத வழக்குகள் இந்த மலையில் நிறைய உண்டு. அவற்றைச் சொல்ல ஒரு பேய்ப்படம் எங்களிடமிருந்தே வரட்டும். அதில் பேரம் பேசும் பேயும், அதை மடக்கும் பாட்டியும், கதவைத் தட்டிப் பயமுறுத்தும் சித்தப்பாவும் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களை வெட்டிவிட்டுப் பனிமூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டால், அது எங்களை வெளியே தள்ளிவிட்டு எங்கள் மலையை வாடகைக்கு எடுத்த இன்னொரு படம், அவ்வளவுதான்.